அரிப்பு, கருமை, இருமல்: எந்த வாசனைப் பொருள் காரணம் என்று கண்டுபிடிப்பது எப்படி

சோப்பை மாற்றியாயிற்று, பவுடரை நிறுத்தியாயிற்று, அரிப்பு மட்டும் போகவில்லை. இந்த நிலையில் பலர் வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒதுக்கிவிட்டு, ‘இயற்கை’, ‘ஹெர்பல்’ என்று எழுதிய வேறொரு வரிசையை வாங்கி வந்துவிடுகிறார்கள். அதிலும் வாசனை இருக்கும், பல சமயம் முன்பைவிடக் கூடுதலாகவே இருக்கும். எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.

கண்டுபிடிக்க இரண்டு கேள்விகளில் தொடங்குங்கள். உடம்பில் எந்த இடம்? பொருள் பட்டு எவ்வளவு நேரம் கழித்து?

முதலில் நேரம். தடவிய சில நிமிடங்களிலேயே எரிந்தால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். ஆல்கஹால், சோடா, கடுமையான சோப்பு இவற்றால் வருவது. வாசனைப் பொருளால் வரும் தோல் ஒவ்வாமை அப்படி உடனே தெரியாது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கழித்துத்தான் அரிப்பும் தடிப்பும் கிளம்பும். வியாழக்கிழமை அரித்தால் செவ்வாய்க்கிழமை போட்டதை யோசிக்க வேண்டும். அன்று காலையில் போட்ட பொருளின் மேல் பழி போடுவதால்தான் பாதிப் பேருக்கு விடை கிடைப்பதில்லை.

“பத்து வருஷமா இதைத்தானே போடுகிறேன், இப்போது மட்டும் எப்படி?” என்று கேட்பார்கள். ஒவ்வாமை எந்த வயதிலும் புதிதாக வரலாம். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பத் தொட்ட பிறகுதான் உடம்பு அதை எதிரியாக அடையாளம் காணும். இன்னொரு காரணமும் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மணத்தைத் தரும் லிமோனீன், லாவெண்டர் மணத்தைத் தரும் லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடாக மாறினால் ஒவ்வாமையைத் தூண்டும் சக்தி பல மடங்கு கூடிவிடும். அதே பாட்டில்தான், ஆனால் ஒரு வருடம் மூடி சரியாக மூடாமல் குளியலறை வெக்கையில் இருந்திருக்கும்.

அக்குளில் அரிப்பு

கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள். தடிப்பு அக்குளின் நடுக்குழியில், முடி வளரும் இடத்தில் இருந்தால் டியோடரன்ட் அல்லது ரோல்-ஆன் மேல் சந்தேகம். நடுக்குழி சுத்தமாக இருந்து, சுற்றியுள்ள மடிப்பில், சட்டை உரசும் ஓரத்தில் மட்டும் சிவந்திருந்தால் துணி காரணம்: துணிச் சாயம், சலவைத்தூள், கண்டிஷனர் இவற்றில் ஒன்று. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பல மாத அலைச்சல் மிச்சம்.

டியோடரன்ட் என்றால் இரண்டு முதல் நான்கு வாரம் முழுதாக நிறுத்துங்கள். வேறு பிராண்டுக்கு மாறுவது நிறுத்துவது ஆகாது, ஏனென்றால் வெவ்வேறு பெயரில் வரும் டியோடரன்ட்களில் அதே சில வாசனைச் சேர்மங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த நாட்களில் படிகாரக் கல்லை நனைத்துத் தடவலாம், அதில் வாசனை இல்லை. சவரம் செய்த அன்று மட்டும் தடவாதீர்கள், எரியும். சமையல் சோடா கலந்த ‘இயற்கை’ டியோடரன்ட்டும் பலருக்கு எரிச்சல் தரும். அது ஒவ்வாமை இல்லை, காரத்தன்மையால் வருவது.

கழுத்து, முகத்தின் ஓரம், நெற்றி கறுத்துப்போவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் வாசனை ஒவ்வாமை சிவப்பாகத் தெரியாமலே போகலாம். அரிப்பு லேசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. நேரே சாம்பலும் பழுப்பும் கலந்த கருமையாகத்தான் கண்ணில் படும். தோல் மருத்துவத்தில் இதற்கு ரீல் மெலனோசிஸ் என்று பெயர். வீட்டில் இதை ‘மங்கு’ என்று நினைத்துவிடுவார்கள். மங்கு பொதுவாகக் கன்ன மேட்டிலும் மேலுதட்டிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும் பழுப்பு. வாசனைப் பொருளால் வரும் கருமை கழுத்தின் பக்கவாட்டு, காதுக்கு முன், நெற்றி ஓரம் என்று பரவி, வலை பின்னியது போலத் திட்டுத்திட்டாக இருக்கும். ஒரே முகத்தில் இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை.

எங்கே என்பதை இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள்.

தொண்டைக் குழிக்கு மேலே, ஆண்களுக்குக் குரல்வளை துருத்தும் இடத்தில் மட்டும் என்றால் கழுத்தில் நேரே அடிக்கும் சென்ட். நீர் வழிந்த தடம் போல நீளக் கோடாகக் கறுத்திருந்தால் சென்ட்டோடு வெயிலும் சேர்ந்திருக்கிறது. பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழம், எலுமிச்சை இவற்றின் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய்களில் இருக்கும் பெர்காப்டென் என்ற பொருள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். இது ஒவ்வாமைகூட இல்லை, யாருக்கும் நடக்கலாம்.

காதுக்குப் பின், கழுத்தின் இரு பக்கம், தோள்பட்டை மேல் என்று ஷாம்பு வழிகிற பாதையிலேயே இருந்தால் ஷாம்பு அல்லது ஹேர் கண்டிஷனர். நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தில் மட்டும் என்றால் வாசனைத் தலையெண்ணெய். தலைச்சாயம் போடுகிறவர்களுக்கு அதே இடத்தில் சாயத்தாலும் வரும். சாயம் போட்ட இரண்டு, மூன்று நாளில் அதிகமாகிறதா என்று பாருங்கள்.

நெற்றி நடுவிலும் வகிட்டிலும் கறுத்தால் குங்குமம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் பழைய முறைக் குங்குமத்துக்குப் பதில், கடையில் கிடைக்கும் பலவற்றில் செயற்கைச் சாயமும் வாசனையும் கலந்திருக்கின்றன. ஒவ்வாமை இரண்டில் எதனாலும் வரலாம். பொட்டு வைக்கும் இடம் கறுக்காமல் வெளுத்துப்போனால் அது வாசனை விவகாரம் அல்ல. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் வேதிப்பொருள் தோலின் நிறமிச் செல்களை அழிக்கிறது. அன்றே ஸ்டிக்கரை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். தாமதித்தால் நிறம் திரும்புவது கடினம்.

கறுத்த இடத்தில் செய்யக்கூடாதது: சிவப்பழகு கிரீம், ஃபார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலவை, எலுமிச்சைச் சாறு. மூன்றும் நிலைமையை மோசமாக்கும். காரணமான பொருளை நிறுத்தி, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் கருமை மெதுவாக மங்கும். இதற்கு மாதக் கணக்கில் ஆகும். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியவில்லையே என்று பழைய சென்ட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். வாசனை இல்லாமல் இருக்க முடியாது என்கிறவர்கள் சென்ட்டைத் தோலில் அடிக்காமல் சட்டையின் வெளிப்பக்கம், முந்தானை ஓரம் என்று துணியில் அடித்துக் காயவிட்டு உடுத்தலாம். கழுத்தை ஒட்டிய காலரில் வேண்டாம்.

கை விரல்களில் வெடிப்பு, தோல் உரிதல்

மோதிரத்துக்கு அடியிலும் விரல் இடுக்கிலும் தொடங்கினால் முதல் சந்தேகம் வாசனை அல்ல. சோப்பு நீர் அங்கே தங்கித் தோலின் எண்ணெயை எடுத்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும்போது மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். லிக்விடை நேரே கையில் ஊற்றாமல் கிண்ணத்துத் தண்ணீரில் கலந்து பயன்படுத்துங்கள். கையுறை என்றால் உள்ளே மெல்லிய பருத்தி உறை, மேலே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் உறை. வெறும் ரப்பர் கையுறைக்குள் வேர்த்தால் புண் கூடும்.

இதைச் செய்தும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் ஒவ்வாமையை யோசிக்கலாம். அப்போதும் வாசனையோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: மெத்தில்ஐசோதயசோலினோன். பாத்திர லிக்விட், தரை கிளீனர், ஷாம்பு, பெயின்ட் வரை போடப்படும் பதப்படுத்தி இது. இதன் ஒவ்வாமை வாசனை ஒவ்வாமையைப் போலவே இருக்கும். தடவிவிட்டு அப்படியே விடும் கிரீம்களில் இதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-லிருந்து அனுமதிப்பதில்லை.

இடுப்பு, தொடை, முதுகு: துணி படும் இடமெல்லாம்

பாவாடை நாடா கட்டும் இடத்தில் மட்டும் என்றால் அழுத்தமும் வேர்வையும்தான். துணி படும் இடம் முழுக்கப் பரவியிருந்தால் ஃபேப்ரிக் கண்டிஷனரை நிறுத்துங்கள். ‘பல நாள் மணம்’ என்று விற்கப்படும் பலவற்றில் மணம் நுண்ணிய உறைகளுக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். துணி உரசும்போதெல்லாம் உறை உடைந்து மணம் வெளிவரும். அதனால் ஒரு முறை துவைத்தால் போகாது. வாசனையற்ற சலவைத்தூளில் இரண்டு, மூன்று முறை துவைத்து, மெஷினின் கண்டிஷனர் அறையையும் வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள். அங்கே தங்கிய கசடு அடுத்தடுத்த துவையலில் கலந்துகொண்டே இருக்கும். உப்பு அதிகமுள்ள போர் தண்ணீரில் நுரை வரவில்லை என்று தூளை அள்ளிக் கொட்டுவதும் ஒரு காரணம். அளவைக் குறைத்து, ஒரு அலசல் கூட்டுங்கள். துண்டுகளுக்குக் கண்டிஷனர் போடவே தேவையில்லை, போட்டால் நீர் உறிஞ்சாது.

அறைக்குள் வந்தால் தும்மல், இருமல், தலைவலி

இங்கே தோல் சாட்சி சொல்லாது, அதனால் நீக்கிப் பார்ப்பதுதான் வழி. வரிசை முக்கியம். இடைவிடாமல் மணம் விடுவதை முதலில் எடுங்கள்: பிளக்கில் சொருகும் ரூம் ஃபிரெஷ்னர், குளியலறையில் தொங்கும் ஜெல், காரில் தொங்கும் சென்ட். வெயிலில் நிறுத்திய காரைத் திறந்ததும் தலை வலித்தால் வேறு சாட்சி வேண்டாம். ஒரு வாரம் பாருங்கள். பிறகு புகை விடுவது: ஊதுபத்தி, கப் சாம்பிராணி. அடுத்த வாரம் தரை கிளீனர். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்தால் நிம்மதி கிடைக்கும், விடை கிடைக்காது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் மட்டும் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: எல்லாவற்றையும் உடனே எடுத்துவிட்டு, தேவையானதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

ஊதுபத்தியில் தொல்லை மணத்தால் மட்டும் வருவதில்லை. எது எரிந்தாலும் நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் வரும். ‘கெமிக்கல் இல்லாத’ ஊதுபத்திக்கும் இது பொருந்தும். கப் சாம்பிராணி பெரும்பாலும் அழுத்திய கரித்தூள், அதனால் ஜன்னல் மூடிய படுக்கையறைக்கு ஏற்றதல்ல. பூஜை நேரத்தில் ஒரே ஒரு பத்தி, திறந்த ஜன்னல் பக்கம், பூஜை முடிந்ததும் அணைத்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் புகை வெகுவாகக் குறையும். பூ மட்டும் வைத்துப் பூஜை செய்வதிலும் குறையொன்றும் இல்லை.

ஓசோன் விடும் காற்றுச் சுத்திகரிப்பான் இருக்கும் அறையில் எலுமிச்சை மணமுள்ள எதையும் பயன்படுத்தாதீர்கள். லிமோனீன் ஓசோனோடு சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு உண்டாகும். உண்மையில் அந்த மாதிரிச் சுத்திகரிப்பான் வீட்டுக்கே வேண்டாம்.

பேச ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தையின் விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.

கைக்குழந்தை இருக்கும் வீடு

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை மென்மையாகவே விட்டுவிடலாம். பாட்டிமார் சொல்வது தலையில் ஈரம் நிற்கக் கூடாது என்பதற்காக. பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாலே தலை காய்ந்துவிடும். குழந்தையின் மூச்சுக்குழல் மிகவும் சிறியது, புகை அதை எளிதில் சுருக்கிவிடும்.

கற்பூரத்தில் சமரசமே கூடாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிச் சளிக்கு நெஞ்சில் தடவுவது பல வீடுகளில் இன்னும் நடக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், குழந்தைக்கு வலிப்பு வரலாம். இரண்டு வயதுக்குள் கற்பூரம் சேர்ந்த தைலமோ எண்ணெயோ வேண்டாம், பெரிய குழந்தைக்கும் மூக்கில் தடவக் கூடாது. பூஜைக் கற்பூரத்தைக் குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறு குழந்தையின் உயிருக்கு 1 கிராமே ஆபத்தாக முடிந்திருக்கிறது. யூகலிப்டஸ் தைல பாட்டிலும் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

பாச்சை உருண்டை போட்டு வைத்த பெட்டியிலிருந்து பழைய கம்பளியும் குட்டிச் சட்டையும் எடுத்து அப்படியே போடுவது இன்னொரு ஆபத்து. நாப்தலீன் ஆவி, ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். குறைபாடு இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. கண் மஞ்சளாவது, சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போவது, குழந்தை வெளிறித் துவண்டு கிடப்பது ஆகியவை அறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தைத் துணி வைக்கும் அலமாரியில் உருண்டையே வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் துணியைத் துவைத்து, வாடை முழுதும் போகும்வரை வெயிலில் போடுங்கள். பட்டுப்புடவைக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைக்கலாம், குழந்தை கைக்கு எட்டாமல்.

வெட் வைப்ஸால் இடுப்பு மடிப்பு சிவந்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும்.

குளியலறை நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது

வாசனை பினாயிலை மேலும் மேலும் ஊற்றுவது இங்கே வேலைக்காகாது. தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்று சாக்கடை வாடையைத் தடுக்கும் நஹானி டிராப் காய்ந்திருக்கும். பயன்படுத்தாத குளியலறை என்றால் வாரம் ஒரு முறை ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கழிப்பறைக் கோப்பையின் மஞ்சள் கறைக்கு அமில கிளீனர் போட்டால் நன்றாக அலசும்வரை பிளீச்சிங் பவுடரைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூ மணம் சேர்த்த கிளீனரில் அந்த நெடி முதலில் உறைக்காமலும் போகலாம்.

தரை துடைக்க எலுமிச்சைப்புல் தைலம் பயன்படுத்துகிறவர்கள் ஒரு வாளிக்குச் சில சொட்டுகளோடு நிறுத்துங்கள். அதன் மணத்துக்குக் காரணமான சிட்ரால் ஒவ்வாமை தரும் பொருட்களில் ஒன்று. வீட்டில் பூனை இருந்தால் தைலங்கள், குறிப்பாக டீ ட்ரீ எண்ணெய், வேண்டவே வேண்டாம். பூனையின் கல்லீரலால் அவற்றைச் சரியாக வெளியேற்ற முடியாது.

புதிதாக வாங்கும்போது

லேபிளில் ‘பர்ஃப்யூம்’, ‘ஃபிராக்ரன்ஸ்’, ‘அரோமா’ என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அதற்குள் பத்துப் பொருளும் இருக்கலாம், நூறும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 26 வாசனை ஒவ்வாமைப் பொருட்களைத் தனியே எழுத வேண்டும் என்ற விதி 2005 முதல் உண்டு. தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தையும், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தாண்டினால் பெயர் போட்டாக வேண்டும். 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கும் மேலாக விரித்தார்கள். அதனால் ஐரோப்பாவுக்காக அச்சான லேபிள் கிடைத்தால் அதைப் படியுங்கள்: லிமோனீன், லினலூல், ஜெரானியால், சிட்ரால், யூஜினால், சின்னமால் என்று வரிசையாக இருக்கும். பழைய பாட்டிலில் ‘பியூட்டைல்பீனைல் மெத்தில்புரோபியோனல்’ என்று கண்டால் தூக்கிப் போடுங்கள். லிலியால் என்ற பெயரில் புழங்கிய அதை இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று 2022 மார்ச் 1 முதல் அங்கே தடை செய்துவிட்டார்கள்.

‘அன்சென்டட்’ என்பதும் ‘ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ’ என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். உங்களுக்குத் தேவை இரண்டாவது. அதிலும் பட்டியலைப் படித்து லாவெண்டர் எண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் என்று ஏதும் இருக்கிறதா பாருங்கள். ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ (ஒவ்வாமை தருவது குறைவு), ‘டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்’ (தோல் மருத்துவர் சோதித்தது) என்ற சொற்களை நம்பி வாங்க வேண்டாம்.

வீட்டில் எல்லாவற்றையும் வாசனையற்றதாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. கிரீம், லோஷன், லிப் பாம், டியோடரன்ட், குழந்தைக்கான எண்ணெய் எல்லாம் தோலில் நாள் முழுக்கத் தங்குபவை. முதலில் இவற்றை மாற்றுங்கள். கழுவிவிடும் சோப்பில் உங்களுக்குப் பிடித்த சந்தன மணம் இருக்கட்டும், ஏற்கெனவே ஒவ்வாமை வராதவரை.

புதிய கிரீமைச் சோதிக்க: முழங்கை உட்புறத்தில் சுமார் 5 செ.மீ. சதுரத்தில் காலையும் மாலையும் 7 நாள் தடவுங்கள். அரிப்போ சிவப்போ சொரசொரப்போ வந்தால் அன்றே நிறுத்துங்கள். ஒரு முறை தடவி மறுநாள் பார்ப்பது போதாது. ஷாம்பு, சோப்பு, தரை கிளீனர், கலக்காத தைலம் இவற்றை இப்படிச் சோதிக்கக் கூடாது, புண்ணாகிவிடும்.

நான்கு வாரம் நீக்கியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள், அதாவது சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. முதுகில் ஒட்டும் ‘இந்திய ஸ்டாண்டர்ட் சீரீஸ்’ என்ற சோதனைப் பொருள் வரிசையில் வாசனைக் கலவையும், பெரு பால்சம் என்ற மணமுள்ள மரப் பிசினும் இருக்கின்றன. ஒட்டியது 48 மணி நேரம் இருக்க வேண்டும். அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கும் வேலையும் கூடாது. எடுத்த அன்று ஒரு முறையும், மறுபடி ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். இரண்டாவது தடவையைத் தவறவிட்டால் தாமதமாக வரும் ஒவ்வாமை கணக்கில் வராமல் போய்விடும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், முடிவு மாறிவிடும். வீட்டில் பயன்படுத்தும் பாட்டில்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், ஏற்கெனவே நிறுத்தியவற்றையும் சேர்த்து.